உப்புக் குறைந்த சட்டி

மருந்துச் சீட்டில் எழுதப்படாத மருந்துகளிலே மிக மலிவானது "உப்பைக் குறையுங்கோ" என்ற சொல். அதற்காக மருந்து கொடுக்கும் யன்னலில் வரிசையாக நிற்க வேண்டியதில்லை. கையிருப்பு முடிந்துவிட்டது, வெளியில் வாங்குங்கள் என்று யாரும் கைவிரிப்பதுமில்லை. பிரசர் உள்ளவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் கால் வீங்கியவருக்கும் இலங்கையின் வன்னிப் பகுதி வைத்தியசாலைகளில் இந்தச் சொல் நாள்தோறும் தாராளமாகக் கிடைக்கிறது. தலைச்சுத்தோடு வந்த ஒருவருக்கு அதையே சொல்லும்போதுதான் கேட்பவர் திகைத்துப்போகிறார். காது இரைகிறது, வீடு சுற்றுகிறது, சத்தி வருகிறது என்று வந்தவருக்கும் அடுப்படியில் இருக்கும் உப்புப் போத்தலுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு என்று மருத்துவ உலகம் தொண்ணூறு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. அதற்கு உறுதியான சான்று இன்னும் கையில் இல்லை என்பதையும் அதே மருத்துவ உலகம்தான் சொல்கிறது. வன்னியில் அக்கராயன் போன்ற ஓர் ஊரில் இருந்துகொண்டு இதை யோசித்தால் மூன்றாவதாக ஒன்றும் வந்து சேர்கிறது. உப்பில்லாமல் உண்பது எப்படியிருக்கும் என்பதை இங்குள்ளவர்கள் எந்த வைத்தியரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

முதலில் நோயைப் பார்ப்போம். பரிஸ் நகரில் காது கேளாதோருக்கான நிறுவனத்தின் வைத்தியராக இருந்தவர் புரொஸ்பர் மெனியேர். 1861 ஜனவரியில் அவர் பிரெஞ்சு மருத்துவக் கழகத்தின் முன் ஒரு கட்டுரை வாசித்தார். திடீரென்று உலகம் சுற்றி, வாந்தி எடுத்து, ஆள் நிலைகுலைந்து விழுவதை மூளையில் இரத்தம் மிகுவதால் வரும் நோய் என்றே அதுவரை வைத்தியர்கள் எண்ணியிருந்தார்கள். ஆகவே நோயாளியின் உடலிலிருந்து இரத்தத்தை வடித்தார்கள்; அட்டைகளைக் கடிக்க விட்டார்கள். இந்த நோயாளிகளுக்குக் காதும் இரைகிறது, கேட்கும் திறனும் குறைகிறது, எனவே கோளாறு உட்செவியில் இருக்கிறது என்றார் மெனியேர். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். நோய்க்கு அவர் பெயர் பின்னாளில் வந்தது.

உட்செவிக்குள் இரண்டு வகை நீர் இருக்கிறது. மெல்லிய சவ்வாலான குழாய்க்குள் ஒன்று, அதைச் சூழ மற்றொன்று. வெளியே உள்ள நீரில் சோடியம் அதிகம். உள்ளே உள்ளதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் மிகக் குறைவு. கேட்கும் கலங்களும் சமநிலை காக்கும் கலங்களும் வேலை செய்வதற்கான மின்வலு இந்த வேறுபாட்டிலிருந்துதான் வருகிறது. உள்நீர் அளவுக்கு மிஞ்சித் தேங்கிச் சவ்வு புடைத்துக்கொள்வதை, இறந்துபோன நோயாளிகளின் காதெலும்பை ஆராய்ந்து 1938இல் லண்டனில் ஹால்பைக், கேர்ன்ஸ் இருவரும் கண்டார்கள். அதே ஆண்டில் ஜப்பானில் யமகாவாவும் அதையே கண்டார். தாக்கம் வந்தால் இருபது நிமிடத்திலிருந்து பன்னிரண்டு மணித்தியாலம் வரை தலை சுற்றும். ஒரு காது அடைத்ததுபோல இருக்கும். தாழ்ந்த சுருதியில் வரும் ஒலிகள் முதலில் மங்கும். பிறகு எல்லாம் வடிந்து, ஆள் எழுந்து நடமாடுவார். அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நீர் தேங்குவதுதான் நோய் என்றால், நீரைப் பிடித்துவைக்கும் உப்பைக் குறைப்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் வரலாறு அந்த ஒழுங்கில் நடக்கவில்லை. சவ்வு புடைத்திருப்பதை யாரும் கண்ணால் காண்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1934இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபர்ஸ்டன்பேர்க் தம் சக வைத்தியர்களோடு சேர்ந்து சோடியம் குறைந்த உணவுமுறையை இந்த நோய்க்குப் பரிந்துரைத்துவிட்டார். அதற்கும் முன்பு, 1920களின் முடிவில், டென்மார்க்கில் டெடர்டிங் என்ற பெண் வைத்தியர் உடலில் நீரும் உப்பும் தங்குவதோடு இந்த நோயை இணைத்து எழுதியிருந்தார். சிகிச்சை முதலில் வந்தது, காரணம் பின்னால் வந்தது, சான்று இன்னும் வந்து சேரவில்லை.

சான்று வரவில்லை என்பது அலட்சியமாகச் சொல்லும் சொல் அல்ல. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் குழு, உப்பையும் கோப்பியையும் மதுவையும் கட்டுப்படுத்துவதால் மெனியேர் நோயாளிக்கு நன்மை உண்டா என்று 2018இல் தேடிப் பார்த்தது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்ட தரமான ஆய்வு ஒன்றுகூட அதற்கு அகப்படவில்லை. நன்மை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகமெங்கும் நோயாளிகளின் சட்டிகளில் கைவைத்துவந்த ஒரு கட்டளையை யாரும் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதே இதன் பொருள். உப்பைக் குறைப்பதில் விற்பதற்கு எதுவும் இல்லை. விற்பதற்கு எதுவும் இல்லாத ஒன்றைச் சோதிக்கப் பணம் போடுபவர்களும் குறைவு.

விற்பனைக்கு இருந்தவற்றைச் சோதித்தபோதும் பெரிய வெளிச்சம் கிடைத்துவிடவில்லை. பீட்டாஹிஸ்டின் என்ற குளிசை இந்த நோய்க்கு இலங்கையிலும் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பரவலாகக் கொடுக்கப்படுவது. ஜேர்மனியில் 221 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் குறைந்த அளவிலும் இன்னொன்றுக்குக் கூடிய அளவிலும் அதைக் கொடுத்து, மூன்றாவது பிரிவுக்கு மருந்தில்லாப் போலிக் குளிசை கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. மூன்று பிரிவிலும் தாக்கங்கள் குறைந்திருந்தன. பிரிவுகளுக்கிடையே வேறுபாடு இல்லை. 1981இல் டென்மார்க் வைத்தியர்கள் இன்னும் துணிந்து ஒரு காரியம் செய்திருந்தார்கள். முப்பது பேரில் பாதிப் பேருக்கு உட்செவி நீரை வடிக்கும் அறுவைச் சிகிச்சையைச் செய்து, மீதிப் பேருக்குக் காதின் பின்னெலும்பை மட்டும் திறந்து மூடினார்கள். இரு பிரிவிலும் பெரும்பாலானவர்கள் சுகமடைந்தார்கள். அந்தக் கணக்கைப் பற்றிய வாக்குவாதம் பின்னரும் ஓயவில்லை.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மெனியேர் நோய் தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. தாக்கம் மிகுந்த காலத்தில்தான் ஆள் வைத்தியரைத் தேடிப் போகிறார். அதன்பிறகு எப்படியும் கொஞ்சம் தணியும். தணிந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாரோ அதற்குச் சுகமாக்கிய பெயர் போய்விடுகிறது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை வன்னிக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. காரணத்தைத் தேடும்போதும் இதே தவறு நேர்கிறது. இங்கிலாந்து, அயர்லாந்து இலக்கியத்தின் பெரிய அங்கதக்காரரான ஜொனதன் ஸ்விஃப்ட் இளமை முதல் தலைச்சுற்றலாலும் காது மந்தத்தாலும் அவதிப்பட்டார். ஒரே தடவையில் அளவுக்கு மிஞ்சி அப்பிள் தின்றதுதான் காரணம் என்று கடைசிவரை நம்பினார். மனிதரின் அறியாமைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் கேலி செய்தவர், தம் காதின் விடயத்தில் பழத்தின்மேல் பழி போட்டார். அவருக்கு இருந்தது மெனியேர் நோய் என்று வைத்தியர்கள் அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னர் ஊகித்தார்கள்.

நம் ஊரில் தலைச்சுத்துக்குப் பழி சுமக்க அப்பிள் இல்லை. பித்தம் இருக்கிறது, இரத்தக் குறைவு இருக்கிறது, வெயில் இருக்கிறது, கண்ணூறு இருக்கிறது. எல்லாத் தலைச்சுத்தும் மெனியேர் நோயும் அல்ல. படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ சில விநாடிகள் சுற்றி நின்றுவிடுவது, உட்செவியில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள் இடம் மாறுவதால் வருவது. அதுதான் எல்லாவற்றிலும் அதிகமாகக் காணப்படும் வகை. அதற்கு உப்பைக் குறைத்துப் பயனில்லை. அமெரிக்க வைத்தியர் எப்லி வகுத்த முறைப்படி தலையை வரிசையாக நான்கு நிலைகளில் திருப்பிவைத்தால் பெரும்பாலும் அன்றே சரியாகிவிடும். செலவில்லாமல் ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடியதை விட்டுவிட்டு, ஆயுள் முழுவதும் சப்பென்று சாப்பிடச் சொல்வது சிகிச்சை ஆகாது. எது எந்த வகை என்று அறியச் செவிப்புலன் சோதனையும் வேண்டும். அதற்கு அக்கராயனில் இருந்து கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ் ஏற வேண்டும். நாளை எப்போது சுற்றும் என்று தெரியாத ஒருவருக்குக் குலுங்கும் பஸ்ஸில் போய்வருவதே ஒரு சோதனை.

வன்னியின் காதுகளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1996இல் போரால் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது மாவட்ட வைத்தியசாலையே அக்கராயனுக்கு வந்து இயங்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2008இல், அக்கராயனே எழுந்து நடந்தது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நீண்ட அந்தப் பாதை, உயிரோடு மிஞ்சியவர்களைச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கொண்டுபோய் நிறுத்தியது. அந்த மாதங்களில் எறிகணைச் சத்தம் கேளாத காது அங்கே இருக்கவில்லை. வெடிப்பின் காற்றழுத்தம் செவிப்பறையைக் கிழிக்கும். அதைவிடக் கொடுமையாக உட்செவியின் மயிர்க் கலங்களைக் கொல்லும். செவிப்பறை ஆறலாம். மயிர்க் கலங்கள் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. ஒரு காது பழுதாகிப் பல ஆண்டுகள் சென்றபின் உள்நீர் தேங்கித் தலைச்சுத்துத் தொடங்கும் வகை ஒன்றை மருத்துவ நூல்கள் தனியாகக் குறித்திருக்கின்றன. பேரொலியால் பழுதான காதும் அதற்கான காரணங்களில் ஒன்று.

போரில் காலை இழந்தவரைப் பார்த்தவுடன் ஊர் வழிவிடுகிறது. காது இரைந்துகொண்டிருப்பவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் கதைப்பது விளங்காமல் தலையாட்டும்போது கர்வம் பிடித்தவர் என்கிறார்கள். நடக்கும்போது தடுமாறினால் குடித்திருக்கிறார் என்கிறார்கள். பெண்ணாக இருந்தால் வேலைக்குக் கள்ளம் என்கிறார்கள். இரணைமடுவிலும் அக்கராயன் குளத்திலும் நீர்மட்டத்தை அளக்க அளவுகோல் நட்டிருக்கிறார்கள். மனிதரின் காதுக்குள் தேங்கும் நீரை அளக்க அப்படி எதுவும் வெளியே தெரிவதில்லை. நோயாளியின் வாய்ச்சொல்லை நம்புவதைத் தவிர வீட்டாருக்கு வேறு வழியில்லை. பல வீடுகளில் அந்த வழி நெடுநாள் திறப்பதில்லை.

இனி உப்பு. கிளிநொச்சி மாவட்டம் உப்பு விளையும் மாவட்டம். ஆனையிறவு உப்பளம் ஒரு காலத்தில் இலங்கைக்கு உப்பளித்த பெரிய உப்பளங்களில் ஒன்று. 1990இல் போர் அதை நிறுத்தியது. அதன்பின் ஆனையிறவு என்ற பெயர் உப்போடு சேர்த்துச் சொல்லப்படவில்லை. 1991, 2000, 2009 என்ற போர் ஆண்டுகளோடும் படைமுகாமோடும் சேர்த்துச் சொல்லப்பட்டது. கடல்நீர் வெயிலில் காய்ந்தால் உப்பாகும் என்ற இயற்கை விதி அந்தக் காலத்திலும் மாறவில்லை. அதை அள்ளப் போகும் கைதான் இல்லாமற் போயிற்று.

2009இன் முதல் ஐந்து மாதங்களில், போரின் முற்றுகைக்குள், உப்பு இல்லாமையின் கடைசி எல்லை வரை மக்கள் போய்வந்தார்கள். அரிசியும் தண்ணீரும் கொதித்த கஞ்சிக்கு உப்பு கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் உப்புநீர் சூழ்ந்த ஒரு மணல்திட்டில் மக்கள் உப்பில்லாக் கஞ்சி குடித்தார்கள். உலகின் எந்த வைத்தியரும் எந்த நோயாளிக்கும் அவ்வளவு கண்டிப்பான பத்தியத்தை விதித்ததில்லை. அந்த நாட்களின் நினைவாக அந்தக் கஞ்சி இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில் சந்திகளிலும் கோயில் வாசல்களிலும் காய்ச்சி வழங்கப்படுகிறது. 2024 மே மாதம் சம்பூரில் அதைக் காய்ச்சியதற்காகப் பெண்கள் உட்படச் சிலர் கைது செய்யப்பட்டார்கள். அரிசியும் நீரும் சேர்ந்த ஒரு திரவத்துக்கு இவ்வளவு வீரியம் உண்டு என்று சட்டம் கருதுவது மருத்துவம் அறியாத செய்தி.

போர் முடிந்தபின் உப்பளம் மெல்ல உயிர்பெற்றது. 2025 மார்ச்சில் ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதன் உப்புக்கு 'ரஜ லுணு' என்ற சிங்களப் பெயரைச் சூட்டியதற்கு வடக்கில் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டில் காலந்தவறிய மழையால் நாட்டில் உப்புத் தட்டுப்பாடு வந்தது. நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த தீவு, உப்பை இந்தியாவிலிருந்து இறக்கியது. கடைகளில் பக்கற்றின் விலை ஏறியபோது சனம் கலங்கியதற்கு முதிய தலைமுறையிடம் காரணம் கேட்கத் தேவையில்லை. உப்பு முடியப்போகிறது என்ற செய்தியை அவர்கள் ஒருமுறை கேட்டிருக்கிறார்கள்.

இப்படி ஒரு நிலத்தில்தான் வைத்தியர் நாளுக்கு 1500 முதல் 2300 மில்லிகிராம் வரை சோடியம் போதும் என்கிறார். மெனியேர் நோயாளிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை அதுதான். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் கணக்கு வரும்: ஏறக்குறைய நான்கு முதல் ஆறு கிராம். இதைக் கேட்டதும் கடும் பத்தியம் போலத் தோன்றும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமான வளர்ந்த ஒருவருக்கு விதித்திருக்கும் எல்லை நாளுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவு. அதாவது ஒரு தேக்கரண்டி. நோயாளிக்கென்று சொல்லப்படும் பத்தியமும் நோயில்லாதவருக்குச் சொல்லப்படும் அளவும் ஏறத்தாழ ஒன்றே. அந்த அளவு நமக்குப் பத்தியமாகத் தெரிவதற்குக் காரணம் நோயல்ல, நம்முடைய வழக்கம்.

"நான் உப்பே போடுறேல்லை டொக்டர்" என்று சொல்லும் நோயாளி பொய் சொல்லவில்லை. நம் வீடுகளில் சோறு பெரும்பாலும் உப்பில்லாமல்தான் வேகிறது. கறிக்குப் போடும் உப்பும் கைக்கணக்கில் சிறிதுதான். உப்பு வேறு வாசலால் வருகிறது. பாண் மாவில் நூற்றுக்கு இரண்டு பங்கை ஒட்டி உப்புச் சேர்ப்பது உலகெங்கும் பேக்கரி வழக்கம். அந்தக் கணக்கில் 450 கிராம் இறாத்தல் பாண் ஒன்றுக்குள் ஒருவருக்கு நாள் முழுவதும் போதுமான உப்பு இருக்கும். அதோடு சம்பல். மத்தியானம் நெத்தலிக் கருவாடு. நூறு கிராம் கருவாட்டில் பத்துக் கிராமுக்கு மேல் உப்பிருப்பது சாதாரணம். பின்னேரம் பிளேன்ரீயோடு கிறீம் கிறாக்கர். மழைநாளில் நூடில்ஸ், அதோடு வரும் மசாலாப் பொடி. கறிக்கு ருசி சேர்க்கச் சூப்புக் கட்டி. ரின்மீன், மோர்மிளகாய், ஊறுகாய், மிக்ஸர். போத்தலிலிருந்து ஒரு சிட்டிகைகூட எடுக்காமல் ஒருவர் நாளொன்றுக்குப் பத்துக் கிராமைத் தாண்டிவிடலாம்.

2019இல் இலங்கையில் திண்ம உணவுப் பொதிகளுக்கு நிறக்குறி ஒழுங்கு வந்தது. நூறு கிராமில் உப்பு 1.25 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு வட்டம் இருக்க வேண்டும். நல்ல ஒழுங்குதான். ஆனால் கருவாட்டுக்குப் பொதி இல்லை. பாணுக்கு இருப்பது ஒரு மெல்லிய பை. சந்தையில் நிறுத்து வாங்கும் மிக்ஸருக்குப் பழைய பேப்பர். சனம் உண்ணும் உப்பில் பெரும்பங்கு வட்டமில்லாமலே வயிற்றுக்குள் போய்விடுகிறது.

வெளிநாட்டு நூல்களை அப்படியே பின்பற்றினால் வரும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஃபர்ஸ்டன்பேர்க்கின் நோயாளிகள் மிச்சிகன் குளிரில் வாழ்ந்தவர்கள். அக்கராயன் வயலில் சிறுபோக அறுவடைக்கு நிற்பவருக்கு வியர்வையாகவே உப்புப் போகிறது. அவருக்கு உப்பை அடியோடு நிறுத்தி, அதன்மேல் சலம் போகும் குளிசையும் கொடுத்து வெயிலில் விட்டால், உடலில் சோடியம் குறைந்தும் தலை சுற்றும். அந்தச் சுத்தையும் காதின் கணக்கில் எழுதி, உப்பை இன்னும் குறைக்கச் சொல்பவரும் இருக்கக்கூடும். குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. ஒரு நாள் பட்டினியும் மறுநாள் கலியாண வீடுமாக ஏற்றி இறக்காமல் நாளெல்லாம் ஒரே சீராக உண்பதும் முக்கியம் என்று காது வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

இன்னொன்று, கடையில் விற்கும் குறைசோடிய உப்பு. சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்த்தது அது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் பொதுவாக வளர்ந்தவர்களுக்கு அதைச் சிபாரிசு செய்தபோதே, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது பொருந்தாது என்றும் விலக்கி வைத்தது. காரணம் தெரியாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கம் பரவியிருக்கும் நிலத்தில், சலச் சோதனையும் இரத்தச் சோதனையும் செய்யாமல் யாரும் அந்தப் பக்கற்றை வாங்கக்கூடாது. சில பிரசர் குளிசைகளோடும் அது ஒத்துவராது. சாதாரண உப்பையே குறைவாகப் போடுங்கள். போடுவது அயடீன் சேர்த்ததாக இருக்கட்டும். கழலை நோயைத் தடுக்க இந்த நாட்டில் 1995 முதல் உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டம்.

ருசிக்கு வன்னியில் பஞ்சமில்லை. தேசிக்காய், பழப்புளி, கொறுக்காய்ப்புளி, மிளகு, இஞ்சி, உள்ளி, கறிவேப்பிலை எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. குளத்தில் பிடித்த விராலுக்குக் கருவாட்டின் உப்பு வேண்டியதில்லை. கருவாடுதான் வேண்டுமென்றால் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைக்கலாம். நாக்கு சில கிழமைகளில் பழகிக்கொள்ளும். பழகாமல் நிற்பது வேறொன்று.

அக்கராயனில் ஐம்பது வயதுப் பெண் ஒருவருக்கு இந்த நோய் வந்ததாக வைத்துக்கொள்வோம். வைத்தியர் சொன்னபடி அவர் உப்பைக் குறைக்கிறார். முதல் நாள் மத்தியானமே, "என்னப்பா, கறி உப்புச்சப்பில்லாமல் கிடக்குது" என்ற குரல் வருகிறது. அடுத்த நாள் முதல் அவர் தன் பங்குக் கறியை முதலில் கோப்பையில் எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு வழக்கமான உப்பைப் போடுகிறார். சில நாட்களில் வேலைச் சுமையில் அதையும் மறக்கிறார். ஒரு மாதத்தில் பத்தியம் முடிகிறது. இதே நோய் கணவனுக்கு வந்திருந்தால் முழுச் சட்டியும் மாறியிருக்கும். உப்பைக் குறைக்கும் கட்டளை காதுக்குக் கொடுக்கப்படுகிறது. அதை நிறைவேற்றுவது கை. அந்தக் கை யாருடையது, அந்த வீட்டில் அதற்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்று எந்த ஆய்வும் கேட்பதில்லை. இந்த உணவுமுறைக்குச் சான்று திரட்ட முடியாமற் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

உப்பிட்டவரை நினைக்கச் சொல்லி வளர்ந்த சமூகம் நாம். உப்பைக் குறைத்துப் பரிமாறினால் அன்பும் குறைந்துவிட்டதாக விருந்தாளி எண்ணுவார் என்ற பயம் நமக்கு இருக்கிறது. போரில் உப்பின்றி இருந்தவர்களுக்குப் பிள்ளைகளின் கோப்பையில் உப்புக் குறைவாக விழுவது இன்னும் மனத்தைக் குத்தும். இல்லாமையால் இழந்ததை இருக்கும்போது தானாக விடச் சொல்வது எளிய வேண்டுகோள் அல்ல. அது தெரியாமல் "உப்பைக் குறையுங்கோ" என்று அரை நிமிடத்தில் சொல்லி அடுத்த இலக்கத்தைக் கூப்பிடும் வைத்தியரின் சொல், சொல்லாகவே நின்றுவிடும். ஆனால் முற்றுகை பறித்த உப்புக்கும் நாமே அளந்து போடும் உப்புக்கும் இடையில் ஒரு வேறுபாடு இருக்கிறது. இரண்டாவதில் கரண்டி நம் கையில் இருக்கிறது.

ஆகவே தலைச்சுத்து உள்ளவர்களுக்கும் அவர்களோடு வாழ்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். எந்தத் தலைச்சுத்து என்று தெரியாமல் உப்பைக் குற்றஞ்சாட்ட வேண்டாம்; காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் போய்ச் செவிப்புலன் சோதனை செய்துகொள்ளுங்கள். மெனியேர் நோய்தான் என்று தெரிந்தால், மூன்று மாதத்துக்கு உப்பைச் சீராகக் குறைத்து, சுற்றிய நாளையும் சுற்றாத நாளையும் ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். பலன் தெரிந்தால் தொடருங்கள். தெரியாவிட்டாலும் இரத்த அழுத்தமும் இதயமும் பயனடைந்திருக்கும். கொடுத்த குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நோயாளிக்கென்று தனிச் சட்டி வைக்காதீர்கள். அவருடைய சட்டியில் எல்லோரும் உண்ணுங்கள். நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் உப்பு அந்த வீட்டில் யாருக்கும் தேவையில்லை.